குழி தோண்டும் முன்பே கெட்டுப்போன வேலை

நடைபாதைகளில் மஞ்சள் நிறத்தில் மேடு மேடாகச் சில ஓடுகள் பதித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நீளக் கோடுகளாக இருந்தால் ‘நேரே போகலாம்’ என்று பொருள். புள்ளிகளாக இருந்தால் ‘நில், கவனி’. பார்வையற்றவர்கள் பாதத்தாலும் கைத்தடியாலும் படிக்கும் எழுத்து அது. ஜப்பானைச் சேர்ந்த செய்ச்சி மியாகே யோசித்து உருவாக்கியது. 1967இல் ஒகயாமா நகரத்தில் முதன்முதலாகப் பதித்தார்கள்.

ஒருநாள் அப்படிப்பட்ட கோடு ஒன்றின் மேலேயே நடந்து பார்த்தேன். புத்தம்புது நடைபாதை, சிமெண்ட் வாசனை கூடப் போகவில்லை. இருபது முப்பது அடி ஒழுங்காகக் கூட்டிக்கொண்டு போன கோடு, நேராக ஒரு விளக்குக் கம்பத்தில் போய் முட்டியது. அதைவிட என்னை உறுத்தியது வேறு ஒன்று. கம்பத்தைச் சுற்றி ஓடுகளை வட்டமாக, பிசிறில்லாமல் வெட்டிப் பதித்திருந்தார்கள். அந்த வட்டத்தை வெட்ட ஒருவர் அரைமணி நேரமாவது உட்கார்ந்திருப்பார். ஓடு பதித்தவர் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறார். கம்பம் நட்டவரும் அப்படியே. இருவருடைய வரைபடமும் ஒரே மேசைக்கு வரவே இல்லை, அவ்வளவுதான்.

நம் வரிப்பணத்தில் நடக்கும் நகரத் திட்டங்கள் சொதப்பும்போது எல்லோருக்கும் எரிச்சல் வருகிறது. போட்ட சாலையைப் பத்தாம் நாள் தோண்டுவது, ஆளே ஏறாத பாலம், மூன்று வருடமாகத் தகரம் வைத்து மறைத்த தெருமுனை. எரிச்சல் நியாயமானதுதான். ஆனால் அது வந்து சேரும் நேரம் தப்பு. குழியைப் பார்த்த பிறகுதான் நமக்குக் கோபம் வருகிறது. திட்டம் கெட்டது அதற்கு இரண்டு மூன்று வருடம் முன்பு, ஏதோ ஒரு காகிதத்தில். அந்தக் காகிதத்தில் என்ன நடக்கிறது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் எளிமையாகச் சொல்லப் பார்க்கிறேன்.

காகிதத்தின் பயணம்

அரசுத் திட்டம் பிறந்து வளரும் வழி எங்கேயும் ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் யாருக்கோ ஓர் எண்ணம் தோன்றும். அப்புறம் இது நடக்குமா என்று பார்க்கும் சாத்தியக்கூறு அறிக்கை. அது தேறினால் விரிவான திட்ட அறிக்கையும் வரைபடங்களும், கூடவே மதிப்பீடு, அதாவது எவ்வளவு செலவாகும், எத்தனை மாதம் பிடிக்கும் என்ற கணக்கு. அதை வைத்துத்தான் மன்றமோ அமைச்சகமோ நிதி ஒதுக்கும். டெண்டர் விடுவார்கள், காண்ட்ராக்டர் வருவார், குழி விழும், கட்டடம் எழும்பும், ரிப்பன் வெட்டுவார்கள். அதற்குப் பிறகு எந்தப் புகைப்படத்திலும் வராத முப்பது நாற்பது வருடப் பராமரிப்பு.

இந்த வரிசையில் நிதி ஒதுக்கும் கட்டம் ஒரு கணவாய் மாதிரி. அதற்கு முன்னால் ஒரு தப்பைத் திருத்த ரப்பரும் பென்சிலும் போதும். தாண்டிய பிறகு அதே தப்பைத் திருத்தக் கான்கிரீட்டை உடைக்க வேண்டும், ஒப்பந்தத்தைத் திருத்தி எழுத வேண்டும், சில சமயம் நீதிமன்றத்துக்கும் போக வேண்டும். ஆனால் பொதுமக்கள் கண்ணுக்குத் திட்டம் தெரிய ஆரம்பிப்பதே கணவாயைத் தாண்டிய பிறகுதான். கருத்துக் கேட்புக் கூட்டம் என்று ஒன்று நடந்திருக்கும். வேலைநாளில், பகல் பதினொரு மணிக்கு.

“எல்லாம் ஊழல்தானே, இதற்கு ஒரு கட்டுரையா?” என்று கேட்பவர்கள் உண்டு. ஊழல் இருக்கிற இடத்தில் அது நிச்சயம் ஒரு காரணம். ஆனால் ஊழல் குறைவு என்று பெயரெடுத்த நாடுகளிலும் இதே கதை நடக்கிறது. எல்லாவற்றையும் அந்த ஒரே சொல்லில் போட்டு மூடிவிட்டால், நேர்மையான ஆட்கள் கூடி எப்படி ஒரு மோசமான திட்டத்தைப் போடுகிறார்கள் என்பது புரியாமலே போய்விடும்.

நாமும் இப்படித்தான் கணக்குப் போடுகிறோம்

டேனியல் கானமன் உளவியலாளர். பின்னால் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். 1970களில் இஸ்ரேலில் ஒரு பள்ளிப் பாடத்திட்டம் எழுதும் குழுவில் இருந்தார். வேலை நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள், இது முடிய எவ்வளவு காலம் ஆகும் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தாளில் எழுதச் சொன்னார். எல்லோருடைய பதிலும் ஒன்றரை வருடத்துக்கும் இரண்டரை வருடத்துக்கும் நடுவில் விழுந்தது.

அந்தக் குழுவில் பாடத்திட்டத் துறையில் ஊறிய நிபுணர் ஒருவர் இருந்தார். அவரிடம் கானமன் வேறு ஒரு கேள்வி கேட்டார்: நம்மைப் போலவே பாடத்திட்டம் எழுதக் கிளம்பிய மற்ற குழுக்களுக்கு எவ்வளவு காலம் ஆனது? அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: சுமார் 40 சதவீதம் பேர் முடிக்கவே இல்லை, முடித்தவர்களுக்கு ஏழிலிருந்து பத்து வருடம். விஷயம் என்னவென்றால், தாளில் இரண்டு வருடத்தை ஒட்டி எழுதியவர்களில் அந்த நிபுணரும் ஒருவர். விவரம் முழுக்க அவர் தலைக்குள்ளேயே இருந்தது. தன் குழுவின் கணக்கைப் போடும்போது அது ஞாபகத்துக்கு வரவில்லை. குழு வேலையைத் தொடர்ந்தது. முடிக்க எட்டு வருடம் ஆனது. அதற்குள் கேட்ட அமைச்சகத்துக்கே ஆர்வம் போய்விட்டது. அந்தப் பாடத்திட்டம் பயன்பாட்டுக்கே வரவில்லை.

இதற்குத்தான் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் ஒரு பெயர் வைத்தார்கள். தமிழில் ‘திட்டமிடல் மயக்கம்’ என்று சொல்லலாம். ஒரு வேலையை உள்ளே நின்று பார்த்தால் அதன் படிகள் மட்டும் வரிசையாகத் தெரியும்: இது ஒரு மாதம், அது இரண்டு மாதம், கூட்டினால் எட்டு மாதம். மழை, வழக்கு, வராத ஜல்லி, மாறிப்போன அதிகாரி எதுவும் அந்த வரிசையில் வராது. தனித்தனியாக எடுத்தால் அவை ஒவ்வொன்றும் நடக்க வாய்ப்புக் குறைவு. ஆனால் நூறு விஷயங்களில் ஒன்றுகூட நடக்காமல் இருக்க வாய்ப்பு அதைவிடக் குறைவு.

மருந்து எளிதானது, கேட்கத்தான் கசக்கும். உங்கள் திட்டத்தை உள்ளே நின்று கணக்குப் போடுவதற்கு முன்னால், இதே மாதிரி ஏற்கெனவே முடிந்த இருபது முப்பது திட்டங்களை எடுங்கள். அவை சொன்ன செலவு என்ன, ஆன செலவு என்ன? அந்த வித்தியாசத்தை உங்கள் கணக்கோடு சேர்த்துக்கொள்ளுங்கள். “எங்கள் திட்டம் தனி ரகம்” என்ற வாதம் உடனே கிளம்பும். அந்த முப்பது பேரும் அதைத்தான் சொன்னார்கள்.

ஒரே பக்கம் சாயும் தராசு

பென்ட் ஃப்ளுவ்பியர் என்ற டென்மார்க் ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 2002இல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். 20 நாடுகளில், 70 வருடக் காலத்தில் கட்டிய 258 ரயில், சாலை, பாலம், சுரங்கப்பாதைத் திட்டங்கள். பத்தில் ஒன்பதில் செலவு மதிப்பீட்டைத் தாண்டியிருந்தது. சராசரியாக ரயிலில் 45 சதவீதம், பாலம் மற்றும் சுரங்கத்தில் 34 சதவீதம், சாலையில் 20 சதவீதம் கூடுதல். அந்த 70 வருடத்தில் மதிப்பீடுகள் கொஞ்சமும் தேறவில்லை என்பது இன்னொரு கண்டுபிடிப்பு. கணினி வந்தது, செயற்கைக்கோள் வரைபடம் வந்தது, மதிப்பீடு மட்டும் தாத்தா காலத்தில் தப்பிய அளவுக்கே தப்பியது.

இங்கே நின்று யோசிக்க வேண்டும். தெரியாமல் செய்யும் தப்பு இரண்டு பக்கமும் விழும். சில திட்டங்கள் கூட முடியும், சில குறைவாக முடியும். எப்போது நிறுத்தாலும் வியாபாரிக்குச் சாதகமாகவே சாயும் தராசை யாரும் ‘பழுது’ என்று சொல்வதில்லை. ஃப்ளுவ்பியர் சொல்வதும் அதுதான்: திட்டமிடல் மயக்கம் பாதி, மீதி தெரிந்தே குறைத்துக் காட்டுவது. பத்துத் திட்டங்கள் ஒரே நிதிக்குப் போட்டியிடும்போது உண்மையான செலவைச் சொல்பவருக்கு அனுமதி கிடைக்காது. குறைத்துச் சொல்பவருக்குக் கிடைக்கும். ஆக, காகிதத்தில் ரொம்ப அழகாகத் தெரிகிற திட்டங்களே தேர்வாகின்றன. தரையில் ரொம்ப அசிங்கமாக முடியப்போவதும் பெரும்பாலும் அவைதான்.

சிட்னி ஒபரா ஹவுஸை எடுத்துக்கொள்வோம். 1957இல் யோர்ன் உட்சன் என்ற டென்மார்க் கட்டடக்கலைஞரின் வடிவம் போட்டியில் வென்றது. மதிப்பீடு 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர், 1963இல் முடியும் என்றார்கள். அந்தச் சிப்பிக் கூரைகளை எப்படி நிறுத்துவது என்று அப்போது யாருக்கும் தெரியாது. இருந்தாலும் 1959 மார்ச்சில் அடித்தள வேலையைத் தொடங்கிவிட்டார்கள். மாநில முதல்வர் ஜோ காஹிலுக்கு அவசரம். தாமதித்தால் காசும் ஆதரவும் கைநழுவிப் போகும் என்ற பயம். தொடங்கிய அதே வருடம் அவர் இறந்துபோனார். கூரையின் வடிவம் ஒருவழியாக முடிவானபோது, ஏற்கெனவே எழுப்பியிருந்த தூண்களுக்கு அந்தக் கனத்தைத் தாங்கும் பலம் இல்லை. அவற்றை மறுபடி கட்டினார்கள். உட்சன் 1966இல் வெளியேறினார். கட்டி முடித்த தன் கட்டடத்தைப் பார்க்க அவர் ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பவே இல்லை. 1973இல் திறந்தபோது ஆன செலவு 10 கோடியே 20 லட்சம் டாலர்.

இதைச் சொன்னால், “இன்றைக்கு உலகமே வந்து படம் பிடித்துப் போகிறதே, அப்புறம் என்ன?” என்பார்கள். நியாயமான கேள்வி. செலவின் பெரும்பகுதி லாட்டரிச் சீட்டு விற்று வந்தது, கடனையும் 1975க்குள் அடைத்துவிட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் இது குதிரைப் பந்தயத்தில் வீட்டுப் பத்திரத்தை வைத்து ஜெயித்தவரின் கதை மாதிரி. தோற்றவர்கள் கதை சொல்ல வருவதில்லை.

அந்த வகையில் ஒன்று கனடாவின் மான்ட்ரியால். 1976 ஒலிம்பிக் போட்டிக்கு முன்னால் மேயர் ஜான் டிராப்போ சொன்னது புகழ்பெற்ற வாக்கியம்: ஓர் ஆண் பிரசவித்தால்தான் ஒலிம்பிக் நஷ்டத்தில் போகும் என்ற பொருளில் பேசினார். விளையாட்டரங்கத்தின் சாய்ந்த கோபுரம் போட்டி தொடங்கும்போது பாதியில் நின்றது. 1987இல்தான் கோபுரமும் கூரையும் முடிந்தன, கூரை அப்புறமும் கிழிந்துகொண்டே இருந்தது. கடனை அடைக்கப் புகையிலைக்குத் தனி வரி போட்டார்கள். கடைசித் தவணையைக் கட்டியது 2006இல், சரியாக முப்பது வருடம் கழித்து. 1976க்குப் பிறகு பிறந்து, வளர்ந்து, சிகரெட் பிடிக்கப் பழகிய ஒருவர், தான் பார்க்காத ஓட்டப்பந்தயத்துக்கு வரி கட்டியிருப்பார்.

மண்ணுக்குக் கீழே

சரி, மதிப்பீடு ஒப்புதல் பெற்றாயிற்று. அடுத்தது டெண்டர். பெரும்பாலும் குறைந்த விலை சொன்னவருக்கு வேலை. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. வரைபடம் முழுமையாக இருந்தால் குறைந்த விலை உண்மையிலேயே குறைந்த விலை. அரைகுறையாக இருந்தால், அதில் உள்ள ஒவ்வொரு ஓட்டையும் பின்னால் ஒரு ‘கூடுதல் வேலை’ பில்லாக வரும். அனுபவமுள்ள காண்ட்ராக்டர் வரைபடத்தைப் படிக்கும்போதே இந்த ஓட்டைகளை எண்ணிவிடுவார். ஆரம்ப விலையில் விட்டதை அங்கே பிடித்துக்கொள்ளலாம் என்ற தைரியத்தில்தான் பல சமயம் அந்த விலையே வருகிறது.

ஓட்டைகள் அதிகம் இருப்பது மண்ணுக்குக் கீழே. பழைய நகரத்துத் தெருவின் வயிற்றைக் கிழித்தால் குடிநீர்க் குழாய், சாக்கடை, மின்கம்பி, எரிவாயு, தொலைபேசிக் கேபிள், எதற்கென்றே யாருக்கும் தெரியாத இரும்புக் குழாய் ஒன்று, எல்லாம் பின்னிக் கிடக்கும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு துறையுடையது. ஒவ்வொரு துறையிடமும் ஒரு வரைபடம் இருக்கும், சில சமயம் ஒருவருடைய வரைபடப்படி இன்னொருவர் குழாய் இருக்கவே முடியாது. புதுச் சாலையைப் பத்தாம் நாள் தோண்டுவதும் இதே கதைதான். சாலைத் துறைக்கு நிதியாண்டு முடிவதற்குள் பணத்தைச் செலவழிக்க வேண்டும். குடிநீர்த் துறைக்கு ஒப்புதல் அடுத்த மாதம்தான் வருகிறது. இரண்டு துறைகளும் தத்தம் கோப்பின்படி மிகச் சரியாக நடந்துகொள்கின்றன.

இதைப் பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் ஸ்காட்லாந்தின் எடின்பரோ டிராம். விமான நிலையத்திலிருந்து கடலோரம் இருக்கும் நியூஹேவன் வரை டிராம் விட 54.5 கோடி பவுண்டு என்று கணக்கு. தண்டவாளம் போடுவதற்கு முன்பே அடியில் உள்ள குழாய்களை எல்லாம் இடம் மாற்றிவிட வேண்டும், வடிவமைப்பையும் முடித்துவிட வேண்டும் என்பதுதான் யோசனை. நல்ல யோசனை. ஆனால் 2008இல் முக்கிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டபோது இரண்டுமே முடிந்திருக்கவில்லை. தோண்டத் தோண்டக் கணக்கில் வராத குழாய்கள். காண்ட்ராக்டருக்கும் நகரத்துக்கும் யார் செலவு என்ற சண்டையில் 2009இல் வேலை நின்றது. நகரத்தின் முக்கிய வீதியான பிரின்சஸ் ஸ்ட்ரீட்டைத் தோண்டி, மூடி, தண்டவாளத்தை ஒட்டிய பரப்பு பெயர்ந்ததால் 2011இல் மறுபடி தோண்டினார்கள். 2014 மே மாதம் டிராம் ஓடியது. செலவு 77.6 கோடி பவுண்டு. தூரம் மட்டும் குறைந்துவிட்டது. கடலோரம் வரை போகாமல் நடுவழியிலேயே நின்றது.

வேதனையான வேடிக்கை ஒன்று. பழைய திட்டங்களோடு ஒப்பிட்டு மதிப்பிடும் முறையைச் சொன்னேன் அல்லவா, அதை நடைமுறையில் முதன்முதலாகப் போட்டுப் பார்த்ததே இந்த டிராமின் ஒரு வழித்தடத்துக்குத்தான், 2004இல். திட்டக்காரர்கள் 32 கோடி பவுண்டு என்றார்கள். மற்ற நகரங்களின் அனுபவத்தைச் சேர்த்துப் பார்த்தபோது, ஓரளவு நிச்சயமாகச் சொல்ல வேண்டுமானால் 40 கோடி என்று வந்தது. எச்சரிக்கை எண் எழுத்தில் இருந்தது, ஆள் போட்டுக் கணக்குப் பார்த்து வாங்கியது. அதற்குப் பிறகும் மேலே சொன்னதெல்லாம் நடந்தது.

பாதியில் மாறும் மனசு

எடின்பரோவில் வடிவமைப்பு முடியாமல் தொடங்கினார்கள். பெர்லின் புதிய விமான நிலையத்தில் வேலை நடக்கும்போதே வடிவமைப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள். 2006இல் தொடங்கிய கட்டடத்தை இடையில் பெரிதாக்கினார்கள், கடைகளுக்கு இடம் கூட்டினார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் கம்பியும் காற்றுக்குழாயும் திசை மாறின. கூரையின் அழகு கெடக்கூடாது என்று, தீப்பிடித்தால் வரும் புகையைத் தரைக்கு அடியில் இழுத்து வெளியேற்ற ஏற்பாடு செய்திருந்தார்கள். புகை மேலே போகும் என்பது அடுப்பு பார்த்த எல்லோருக்கும் தெரியும்.

2012 ஜூன் 3 திறப்பு விழா. நான்கு வாரம்கூட இல்லாதபோது, தீத்தடுப்பு அமைப்பு வேலை செய்யவில்லை என்று ரத்து செய்தார்கள். அதற்கு முன் ஒரு யோசனை வைத்திருந்தார்களாம்: தானாகத் திறக்க வேண்டிய கதவுகளின் பக்கத்தில் ஆட்களை நிறுத்திவைத்து, தீ என்றால் கையால் திறக்கச் சொல்வது. ஆய்வு அதிகாரி ஒப்புக்கொள்ளவில்லை, நல்லவேளை. பூட்டிய கட்டடத்தில் விளக்குகளை அணைக்கக்கூட முடியாமல் இராப்பகலாக எரிந்த காலமும் உண்டு. திறந்தது 2020 அக்டோபர் 31. பெருந்தொற்றுக் காலம், பறக்க ஆளில்லை.

இவ்வளவு ஆன பிறகும் ஏன் யாரும் நிறுத்துவதில்லை? “ஏற்கெனவே இவ்வளவு போட்டாச்சே” என்ற ஒற்றை வாக்கியம்தான் காரணம். போட்ட பணம் தொடர்ந்தாலும் வராது, நிறுத்தினாலும் வராது. எனவே முடிவெடுக்கும்போது அதைக் கணக்கிலேயே சேர்க்கக்கூடாது. இனிமேல் போடப்போகும் பணத்துக்கு இனிமேல் என்ன கிடைக்கும் என்பதுதான் கேள்வி. சொல்வது சுலபம். சரியில்லாத படத்தைக் கடைசி வரை உட்கார்ந்து பார்க்கிற நாம் அமைச்சர்களைக் குறை சொல்ல முடியாது.

நிறுத்தினவர்களும் உண்டு. அமெரிக்காவில் சின்சினாட்டி நகரம் 1916இல் மக்கள் வாக்கெடுப்போடு 60 லட்சம் டாலர் கடன் பத்திரம் போட்டுச் சுரங்க ரயிலுக்கு ஏற்பாடு செய்தது. போர் வந்தது, விலைவாசி ஏறியது, 1920களின் பிற்பகுதியில் பணம் தீர்ந்தது. ரயில் ஒருநாளும் ஓடவில்லை. சுரங்கம் இன்னும் தெருவுக்கு அடியில் கிடக்கிறது, கடனை 1966 வரை கட்டினார்கள். நிறுத்தியது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். நிறுத்தினாலும் தொடர்ந்தாலும் வலிக்கும் இடத்துக்கு வந்து மாட்டிக்கொள்வதற்கு முன்னால் யோசித்திருக்க வேண்டும்.

கணக்குச் சரி, கேள்வி தப்பு

இன்னொரு வகை இருக்கிறது. செலவும் காலமும் சரியாக முடிந்தாலும்கூட, செய்திருக்கவே வேண்டாம். ஹூஸ்டன் நகரத்துக் கேட்டி நெடுஞ்சாலை நெரிசலுக்குப் பேர்போனது. சுமார் 280 கோடி டாலரில் அதை அகலப்படுத்தி 2008இல் முடித்தார்கள். பக்கச் சாலைகளையும் சேர்த்தால் சில இடங்களில் 26 தடம். 2011க்கும் 2014க்கும் இடையில் காலை நேரப் பயணம் 30 சதவீதமும் மாலையில் 55 சதவீதமும் நீண்டுவிட்டது. சாலை அகலமானதும் இதுவரை பேருந்தில் போனவர், விடியற்காலையில் கிளம்பியவர், நெரிசலுக்குப் பயந்து பக்கத்திலேயே வேலை தேடியவர் எல்லோரும் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். இன்னும் தள்ளி வீடு கட்டுகிறார்கள். 2011இல் ஜில் டுராண்டன், மேத்யூ டர்னர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் அமெரிக்க நகரங்களை எல்லாம் ஒப்பிட்டுப் பார்த்து, நெடுஞ்சாலை எவ்வளவு கூடுகிறதோ ஏறக்குறைய அவ்வளவு போக்குவரத்தும் கூடுகிறது என்று காட்டினார்கள்.

எதிர்ப்பக்கத் தப்பும் உண்டு: வராத கூட்டத்தை வரும் என்று காட்டுவது. ஃப்ளுவ்பியர் குழு 2005இல் பார்த்த ரயில் திட்டங்களில் பத்தில் ஒன்பதில் பயணிகள் எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். சராசரியாக, சொன்னதில் பாதிப் பேர்தான் ஏறினார்கள்.

பராமரிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் அதன் பிரச்சினையும். சாக்கடை தூர்வாரியதற்கு யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை. சியோலில் 2003இல் ஒரு மேம்பாலச் சாலையை இடித்து, 2005இல் அதன் அடியில் புதைந்திருந்த சொங்கேசொன் ஓடையை 5.8 கிலோமீட்டருக்குத் திறந்தார்கள். ஊரே கொண்டாடிய திட்டம், எனக்கும் பிடித்தது. அதில் ஓடும் தண்ணீரில் பெரும்பகுதி ஆற்றிலிருந்து மோட்டார் வைத்து ஏற்றுவது. மோட்டாரை நிறுத்தினால் ஓடை இல்லை. நல்ல திட்டத்துக்கே வருடா வருடம் மின்கட்டணம் உண்டு என்றால், நம் தெருப் பூங்காவின் செயற்கை நீரூற்று ஏன் ஆறாம் மாதமே காய்ந்து கிடக்கிறது என்பது விளங்கும்.

முன்கூட்டியே கேட்க

அடுத்த முறை உங்கள் பகுதிக்கு ஒரு பெரிய அறிவிப்பு வந்தால், வரைகலைப் படத்தில் உள்ள மரங்களையும் சிரிக்கும் குடும்பத்தையும் விட்டுவிடுங்கள். திட்ட அறிக்கை கிடைக்குமா பாருங்கள். தகவல் பெறும் உரிமைக்குச் சட்டம் உள்ள நாடுகளில் எழுதிக் கேட்கலாம். கிடைத்தால் முதலில் தேட வேண்டியது, என்ன பிரச்சினைக்காக இது என்ற ஒரு வரி. ‘உலகத்தரம்’, ‘நவீனமயம்’ என்று மட்டும் இருந்தால் பிரச்சினை இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்று அர்த்தம். அடுத்து, வேறு என்ன வழிகளை யோசித்துத் தள்ளினார்கள் என்பது. ஒரே வழி மட்டும் இருந்தால் முடிவு முதலில் வந்து அறிக்கை பிறகு வந்திருக்கிறது.

மதிப்பீட்டில், இதே மாதிரி முடிந்த வேலைகளோடு ஒப்பிட்டிருக்கிறார்களா, எதிர்பாராச் செலவுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள், எந்த வருடத்து விலையில் கணக்கு என்று பாருங்கள். கடைசியது முக்கியம். பாஸ்டனின் ‘பிக் டிக்’ சுரங்கச் சாலை 280 கோடி டாலரில் தொடங்கி 1,480 கோடியில் முடிந்தது என்பார்கள். முதல் எண் 1982 விலையில் உள்ளது. பணவீக்கத்தைக் கழித்தாலும் பெரிய ஏற்றம்தான், ஆனால் ஐந்து மடங்கு என்று அடித்துச் சொன்னால் நம் வாதம்தான் பலவீனப்படும். தெருவைத் தோண்டும் வேலையானால் ஒரே ஒரு கேள்வி: மற்ற துறைகள் எல்லாம் ஒரே வரைபடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கின்றனவா?

பிரேசிலில் போர்ட்டோ அலெக்ரி நகரம் 1989இல் முதலீட்டு நிதியின் ஒரு பகுதியை எதில் செலவிடுவது என்று மக்கள் கூட்டங்களிலேயே முடிவெடுக்க விட்டது. சாலை, சாக்கடை, குடிநீர் என்று சாதாரண விஷயங்களைத்தான் மக்கள் அதிகம் கேட்டார்கள். நீரூற்று கேட்டதாகத் தெரியவில்லை.

எடின்பரோவுக்கு ஒரு பின்கதை உண்டு. விட்டுப்போன கடலோரப் பகுதிக்கு டிராமை நீட்ட 2019இல் மறுபடி கிளம்பினார்கள். இந்த முறை ஒவ்வொரு பகுதியையும் ஒரே தடவை அடைத்து, குழாய் மாற்றுவது முதல் தண்டவாளம் வரை முடித்த பிறகே திறப்பது என்று வைத்துக்கொண்டார்கள். அடியில் என்ன இருக்குமோ என்பதற்குப் பணமும் ஒதுக்கினார்கள். இருந்தது: பழைய தேவாலயத்தை ஒட்டிய தெருவுக்கு அடியில் நூற்றாண்டுகள் பழைய கல்லறைகள். தொல்லியல் ஆட்கள் முன்னூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகளைப் பொறுமையாக எடுத்து முடித்த பிறகுதான் மற்ற வேலை. ஒதுக்கிய 20.7 கோடி பவுண்டுக்குள் 2023 ஜூன் 7 அன்று டிராம் நியூஹேவன் போய்ச் சேர்ந்தது. முதல் பகுதி ஏன் அப்படிச் சொதப்பியது என்று ஆராய 2014இல் போட்ட விசாரணையின் அறிக்கை 2023 செப்டம்பரில்தான் வந்தது. அதற்குள் நியூஹேவன் டிராம் மூன்று மாதமாக ஓடிக்கொண்டிருந்தது.